தேர்தலும் பங்குச் சந்தையும்: வாணிகமோ சூதோ?

பொருளீட்டுதல் இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டதன்று, விதிக்கப்பட்டதேயாம். ஆயின் ஈட்டும் வழி அறத்தொடு பொருந்தியதாதல் வேண்டும். தேர்தல் நெருங்குங்காற் பங்குச் சந்தையிலே விலைகள் ஏறியும் இறங்கியும் அலைதலை நோக்கி, அவ்வலைவிலே இலாபந் தேடுதல் இக்காலத்துப் பொருளீட்டும் வழிகளுள் ஒன்றாயிற்று. இளைஞர் கையிலுள்ள தொலைபேசியே இன்று சந்தைக்கு வாயிலாகிவிட்டமையால், இது வாணிகமோ சூதோ என்று ஆராய்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கடமையாகின்றது.

பங்கென்பது ஒரு கம்பெனியின் உடைமையிலே ஒரு சிறு கூறு. அதன் விலை, அக்கம்பெனி இனி ஈட்டக்கூடிய இலாபத்தைக் குறித்துப் பலர் கொண்ட எண்ணத்தால் அமைவது. வரி, வட்டி, நாணயமாற்று, இறக்குமதி விதி என்பன அரசின் கையில் உள்ளன. அரசு மாறின் இவையும் மாறலாம். ஆதலால் தேர்தற் காலத்தில் எண்ணங்கள் தடுமாறுகின்றன. அவற்றோடு விலைகளுந் தடுமாறுகின்றன. இவ்வளவில் வியப்புமில்லை, குற்றமுமில்லை.

அத்தடுமாற்றம் எத்துணைப் பெரிதென்பதை இந்தியாவிற் காணலாம். 2004 ஆம் ஆண்டு தேர்தலிலே ஆளுங்கூட்டணி தோல்வியுற, இடதுசாரிகளின் துணைகொண்டு புதிய அரசு அமையும் என்ற அச்சத்தால், மே 17 ஆம் நாள் மும்பைச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு நூற்றுக்கு 11 வீதத்துக்கு மேல் வீழ்ந்தது. அன்று வியாபாரம் இருமுறை நிறுத்தப்பட்டது. 2009 ஆம் ஆண்டு மே 18 ஆம் நாளோ, தேர்தல் முடிவு கண்டு மகிழ்ந்து அதே குறியீடு நூற்றுக்கு 17 வீதம் ஏறிற்று. 2024 ஆம் ஆண்டு நிகழ்ந்தது இன்னும் உற்றுநோக்கத்தக்கது. வாக்களித்தோரை வினாவிக் கணித்த முடிவுகளை நம்பி ஜூன் 3 ஆம் நாள் அக்குறியீடு ஏறக்குறைய 2,500 புள்ளிகள் உயர்ந்தது. மறுநாள் வாக்கெண்ணுகையில், பாரதிய ஜனதா கட்சிக்கு 543 இடங்களில் 240 மாத்திரமே கிடைக்குமெனத் தெரிந்ததும், ஏறக்குறைய 4,390 புள்ளிகள் வீழ்ந்தது. ஜூன் 7 ஆம் நாளிலோ வீழ்ச்சி முழுதும் நீங்கி, 3 ஆம் நாளிருந்த உயரத்தையுங் கடந்தது.

அந்நான்கு நாள்களுள் அக்கம்பெனிகளின் ஆலைகள் இடிந்தனவா? தொழிலாளர் கை ஓய்ந்தனரா? இல்லையே. மாறியது மனிதர் மனம் ஒன்றே. பங்கைத் தன் உடைமையெனக் கருதி வாளாவிருந்தவன் யாதும் இழந்திலன். 4 ஆம் நாள் நடுங்கி விற்றவன் இழந்தான். அவன் இழந்ததை வேறொருவன் பெற்றான்.

நம் நாட்டு நிகழ்ச்சியும் இதனையே வலியுறுத்துகின்றது. 2024 ஆம் ஆண்டு செப்டெம்பர் 21 ஆம் நாள் நடந்த சனாதிபதித் தேர்தலுக்கு முன்னர், அநுர குமார திசாநாயக்க வெல்லின் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த ஒப்பந்தங் குலையுமோ எனப் பலர் அஞ்சினர். அவர் வென்றார், ஒப்பந்தங் குலையவில்லை. நவெம்பர் 14 ஆம் நாட் பாராளுமன்றத் தேர்தலில் அவரது தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159ஐப் பெற்றது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலும் 6 இடங்களில் 3 அதற்குக் கிடைத்தன. ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 10,600 ஆயிருந்த கொழும்புப் பங்குச் சந்தைக் குறியீடு, ஆண்டிறுதியில் 15,900ஐக் கடந்தது. அஞ்சினோர் கணக்கும் பிழைத்தது. நம் மாவட்டத்து வாக்கைத் தம் கைப்பொருள்போல் எண்ணினோர் கணக்கும் பிழைத்தது.

ஈண்டுச் சிலர் ஒரு தடை நிகழ்த்துவர்: "நட்டத்துக்கு அஞ்சாத வாணிகம் எங்கேயுளது? முற்காலத்தில் நம் புகையிலையைத் திருவிதாங்கூருக்கு ஏற்றிச்சென்றவரும் கடலுக்கும் விலைவீழ்ச்சிக்கும் உட்பட்டே சென்றனரன்றோ?" எனின், உண்மையே. ஆயின் அவர் தோணி ஒருகரையிலிருந்து மறுகரைக்குப் பண்டத்தைச் சேர்த்தது. கமக்காரனுக்கு விலையும் வாங்குவோனுக்குப் பொருளும் கிடைத்தன. இடைநின்ற வணிகன் தன் உழைப்புக்கு ஊதியம் பெற்றான். இடர் அத்தொழிலிற் கலந்திருந்தது, இடரே தொழிலன்று. காலையில் வாங்கி மாலையில் விற்று, தேர்தல் முடிவைப் பற்றிப் பந்தயங் கட்டுவோன் எப்பண்டத்தை எக்கரைக்குச் சேர்த்தான்?

மற்றொரு தடை இதனினும் வலியது: "அஞ்சி விற்பவனிடம் வாங்குவோர் இலராயின் அவன் துன்பம் மிகுமே, வாங்குவோன் உதவிசெய்தவனாகானோ?" ஆவான். வீழ்ச்சியின்போது ஒரு நற்கம்பெனியின் பங்கைத் தன் சொந்தச் சேமிப்பைக் கொண்டு வாங்கி, அதன் வளர்ச்சியை நம்பி வைத்திருப்பவன் வாணிகனே. குற்றம் வாங்கலிலும் விற்றலிலும் இல்லை. நோக்கத்திலும் முதலிலும் உளது. ஆங்கிலப் பொருணூலறிஞர் கெயின்ஸ் 1936 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், இத்தகைய சந்தையை ஓர் அழகுப் போட்டிக்கு ஒப்பிட்டார். அங்கே பரிசு பெறுவோன் அழகிய முகத்தைத் தேர்ந்தவனல்லன். பிறர் எம்முகத்தை அழகியதென்பர் என்று ஊகித்தவன். தேர்தற்காலச் சூதனும் எவ்வரசு நல்லது என்று எண்ணுவதில்லை. பிறர் எதற்கு அஞ்சுவர் என்றே எண்ணுகின்றான். அச்சம் பெருகினால் அவனுக்கு ஊதியம்; ஆதலாற் பொய்ச்செய்தி பரவுதல் அவனுக்கு இனிதாகின்றது.

வள்ளுவர் சூதினை விலக்கிய அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தமை கருதத்தக்கது. அறத்தை மாத்திரமன்றிப் பொருளையும் அழிப்பது அது. இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்காணையம் 2024 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, பங்கின் எதிர்கால விலைமேற் செய்யும் ஒப்பந்த வியாபாரத்தில் ஈடுபட்ட தனியாட்களுள், முந்திய மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 93 பேர் நட்டமே அடைந்தனர். தாயின் தாலிக்கொடியை அடைவு வைத்து இதில் இறங்கும் மகன், எஞ்சிய எழுவருள் ஒருவனாவேன் என்று எவ்வாறு துணிவான்?

பொருள் போனால் மீளவும் ஈட்டலாம். இதனினுங் கொடிய இழப்பொன்று உளது. வாக்கு, நாட்டின் நன்மையை நடுவுநின்று ஆராய்ந்து அளிக்கவேண்டியது. ஒரு கட்சியின் தோல்வியிலே தன் பொருளைப் பணயம் வைத்தவன் நடுவுநிற்க மாட்டான். அயலூரிற் கலகமென்று கேட்டால், முதலில் இரங்காது முதலில் விலையைப் பார்ப்பான். நாடு கெடுதலை விரும்பும் நிலைக்கு ஒருவனைக் கொணரும் தொழில், சட்டத்தால் ஒப்புக்கொள்ளப்பட்டதாயினும் அறத்தால் ஒப்புக்கொள்ளப்படாது.

அன்பர்களே! பங்கு வாங்க விரும்பின், கடன்படாது வாங்குக. கம்பெனியின் கணக்கை ஆராய்ந்து வாங்குக. எவர் ஆண்டாலும் வைத்திருக்கத் துணிந்ததையே வாங்குக. வாக்களிக்கச் செல்லும் நாளில், யார் வென்றால் எனக்கு இலாபம் என்ற கணக்கை வீட்டில் வைத்துவிட்டுச் செல்க. அதனை வீட்டில் வைக்க மனம் இசையாதாயின், தாம் செய்வது வாணிகமன்று, சூதே என்று தெளிந்து, அன்றே அதனை விடுக.