எனக்குப் பின் என் பிள்ளைக்கு யார்?

 

இஷாத் தொழுகை முடிந்து, வீட்டில் எல்லோரும் உறங்கிய பின்னும் சில தாய்மார்களின் கண்கள் மூடுவதில்லை. நடக்க இயலாத மகனுக்கு, பேச்சு வராத மகளுக்கு, வயது பதினைந்தாகியும் அறிவு ஐந்து வயதில் நின்றுவிட்ட பிள்ளைக்கு அவர்கள் தாய்மார்கள். கையேந்தி அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். யா அல்லாஹ், நான் மவுத்தான பின் இந்தப் பிள்ளைக்கு யார்? எனக்கு முன்பாகவே இவனை எடுத்துக்கொள் என்று கேட்டுவிடுகிற தாயும் உண்டு. அவளைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அப்படிக் கேட்கும் அளவுக்கு அவளைத் தனியே விட்டுவிட்டோமே என்று உற்றாரும் ஊராரும்தான் அஞ்ச வேண்டும்.

அந்தக் கேள்விக்கு விடையைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே தேடி வைத்தாக வேண்டும். அதற்கு முதற்படி பிள்ளையை மறைக்காதிருப்பது. மறைத்து வைத்த பிள்ளையை டாக்டர் அறியமாட்டார், பள்ளிக்கூடம் அறியாது, ஜமாஅத் அறியாது, சர்க்காரும் அறியாது. பெற்றவர்கள் கண்மூடும் நாளில் அந்தப் பிள்ளையின் பழக்கம் என்ன, பசி என்ன, பயம் என்ன என்று அறிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறார்கள் என்றால், இளையவனை மாடி அறையில் விட்டுத் தாழிடும் வீடுகள் நம்மிடையே இல்லையா? குடும்பத்துக்கே குறை என்று வருகிறவர்கள் நினைத்துவிடுவார்களே என்ற அச்சம்தான் காரணம். அல்லாஹு தஆலா தந்த பிள்ளையைப் பிறர் பார்வைக்கு அஞ்சிப் பூட்டி வைக்கிறோம். அந்தப் பிள்ளைக்குப் பேச வராமலிருக்கலாம். ஆனால் கதவு தாழிடப்படும் ஓசை அதற்கும் விளங்கும்.

பழி யார் மீது?

குறையோடு பிள்ளை பிறந்தால் முதற்பழி தாய் மீது விழுகிறது. கிரகணத்தின்போது காய் நறுக்கினாள், அதனால்தான் உதடு பிளந்தது என்பார்கள். நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் அருமைக் குழந்தை இப்ராஹீம் (ரலி) மவுத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அந்தக் குழந்தையின் மறைவுக்காகத்தான் பிடித்தது என்று மக்கள் பேசிக்கொண்டபோது, எவருடைய வாழ்வுக்காகவும் சாவுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நாயகம் அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். தம் சொந்தப் பிள்ளையைப் பறிகொடுத்த துக்க நாளிலேயே அந்த மூடநம்பிக்கையை அகற்றினார்கள். அவர்களுடைய உம்மத்தாகிய நாம் ஒரு பச்சைப்பிள்ளைக்காரி மீது கிரகணத்தின் பழியைச் சுமத்தலாமா?

இன்றைய மருத்துவம் பல காரணங்களைக் கண்டறிந்திருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் என்பது உடலின் அணுக்களில் 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைவதால் வருவது. மூளை முடக்குவாதம், பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த பின் சிறு வயதிலோ மூளையில் ஏற்படும் பாதிப்பால் வருவது. தாயின் பாவத்துக்கு இதில் எங்கே இடம்?

மருந்தும் துஆவும்

சபூர் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருப்பவர்கள் உண்டு. வைத்தியம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளும்படியே நாயகம் அவர்கள் ஏவினார்கள். துஆ கேளுங்கள், ஓதி ஊதுங்கள். அதே நாளில் டாக்டரிடமும் கொண்டு போங்கள்.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணமிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டார்கள். குணமாகும் என்று நம்பி உற்றார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். நம் பொறுப்பில் உள்ள ஒருவரை எங்கோ ஓரிடத்தில் விட்டுவிட்டு, அங்கே என்ன நடக்கிறதென்று பாராமல் இருப்பது தவக்குல் ஆகாது.

குழந்தைக்கு நான்கு மாதமாகியும் தலை நிற்கவில்லையா? ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லையா? ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் வரவில்லையா? பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லையா? ‘அவன் வாப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்’ என்று காலம் கடத்தாதீர்கள். காது கேளாமையை முதல் சில மாதங்களிலேயே கண்டுகொண்டால் பேச்சு வர வழி உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இருதயத்திலும் குறை இருக்கும். அதையும் சோதித்துவிட வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்கீழ், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டறியும் மையங்கள் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் ஏற்படுத்தப்பட்டுள்ளன.

ஸுப்ஹு பாங்கு சொன்னவர்

மதீனாப் பள்ளியில் பாங்கு சொன்னவர்களில் ஒருவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள். கண்பார்வை அற்றவர்கள். அவர்கள் பொருட்டே திருமறையின் 80-ஆவது அத்தியாயம் இறங்கிற்று என்பதை நாம் அறிவோம். ரமலானில் பிலால் (ரலி) அவர்கள் இரவிலேயே ஒரு பாங்கு சொல்வார்கள். நோன்பாளிகள் உண்பதை நிறுத்த வேண்டிய விடியற்காலைப் பாங்கு இப்னு உம்மி மக்தூம் அவர்களுடையது. விடியலைக் காண அவர்களுக்குக் கண் இல்லை. விடிந்துவிட்டதெனப் பிறர் சொல்லக் கேட்டே பாங்கு சொல்வார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் வந்துள்ளது.

சற்றுச் சிந்தியுங்கள். பார்வையுள்ள ஒருவரை அந்த இடத்தில் நிறுத்துவது எளிதல்லவா? நாயகம் அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அவரிடம் இருந்த குரலை ஊருக்குப் பயன்படுத்தினார்கள். அவரிடம் இல்லாத பார்வையை ஊரார் கொடுத்தார்கள். மதீனா நகரமே அந்தக் குரலைக் கேட்டு நோன்பு பிடித்தது. பயணம் செல்லும் வேளைகளில் மதீனாவின் பொறுப்பையே பலமுறை அவர்களிடம் நாயகம் அவர்கள் ஒப்படைத்துச் சென்றிருக்கிறார்கள். உங்கள் பிள்ளையிடம் இருப்பது எது, நாம் கொடுக்க வேண்டியது எது என்று பார்க்கும் பார்வையை இதிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கா நகரின் முஃப்தியாக விளங்கிய அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்களுக்கு ஒரு கை முடங்கியிருந்தது, கால் ஊனம், ஒரு கண்ணில் பார்வை இல்லை, முதுமையில் மறு கண்ணும் போயிற்று. ஹஜ்ஜுக் காலத்தில் இவரைத் தவிர வேறெவரும் ஃபத்வாக் கொடுக்கலாகாது என்று அரசாங்கமே அறிவிக்கும் அளவுக்கு அவர்கள் இல்மில் உயர்ந்து நின்றார்கள். வலிப்பு நோயால் வருந்திய ஒரு பெண்மணி நாயகம் அவர்களிடம் வந்து, பொறுமைக்குச் சுவர்க்கம் என்ற நன்மாராயம் பெற்றுச் சென்ற ஹதீஸை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்டு நமக்கு அறிவித்தவரும் இந்த அதா அவர்களே.

அறிவுக் குறையுள்ளவர்களிடம் நாயகம் அவர்கள் நடந்துகொண்ட விதத்தையும் பாருங்கள். மதீனாவில் சித்தம் சற்றுப் பேதலித்த ஒரு பெண்மணி தம்மிடம் ஒரு காரியமாகப் பேச வேண்டும் என்றபோது, எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாயோ அதை நீயே சொல் என்று அவளிடமே விட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை உடன் நின்றார்கள்.

ஷரீஅத்தின் சலுகை

நம் தாய்மார்கள் கவலையோடு கேட்கும் சில மஸாயில்கள் உண்டு. நன்மை தீமையைப் பகுத்தறிய இயலாத பிள்ளைக்குத் தொழுகையும் நோன்பும் கடமையல்ல, களாவும் இல்லை. அறிவு தெளியும் வரை அத்தகையவருக்குக் குற்றம் எழுதப்படுவதில்லை என்பது ஹதீஸ். ஆயினும் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணவும், ஸலாம் சொல்லவும், பக்கத்தில் முஸல்லாவில் நிற்கவும் பழக்குங்கள். அதனால் அவனுக்கும் இன்பம், உங்களுக்கும் நன்மை.

அறிவு தெளிவாக இருந்து உடல் மட்டும் ஒத்துழைக்காதவர் நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழலாம். சிறுநீர் அடக்க முடியாதவர் வக்து நுழைந்த பின் சுத்தம் செய்து, துணியோ பஞ்சோ வைத்துக் கட்டி, ஒளூச் செய்து தொழுதுகொள்ளட்டும். வாய்பேச இயலாதவரின் சைகை, அவருடைய பேச்சின் இடத்தில் வைத்து ஏற்கப்படும்.

பத்திரமும் பாதுகாவலும்

இனி அந்தத் தாயின் கேள்விக்கு நேராக வருவோம்.

குறையுள்ள பிள்ளைக்கும் வாரிசுப் பங்கு உண்டு. மற்றப் பிள்ளைகளுக்கு உள்ளது போல முழுப் பங்கு. ‘அவனுக்கு எதற்குச் சொத்து, நாம்தானே பார்க்கப்போகிறோம்’ என்று சொல்லி அவன் பங்கை அண்ணன் தம்பிகள் எழுதி வாங்கிக்கொள்வது அபகரிப்பாகும். தன் பொருளை நிர்வகிக்க அறிவு போதாதவரின் கையில் அதை ஒப்படைத்துவிடாமல், அதிலிருந்தே அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, கனிவாகப் பேசும்படி திருமறையின் நிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. கனிவான பேச்சும் அந்தக் கட்டளையில் சேர்ந்தது என்பதைப் பொறுப்பேற்கும் சகோதரர்கள் மறக்க வேண்டாம்.

ஹயாத்தோடிருக்கும்போது பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் நீதி வேண்டும். ஆனால் தீராப் பிணி, பார்வையின்மை போன்ற தேவை ஒரு பிள்ளைக்கு இருக்குமானால் அதற்குக் கூடுதலாகக் கொடுக்க இடமுண்டு என்று இமாம் இப்னு குதாமா (ரஹ்) போன்றோர் கூறியுள்ளனர். உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு, மற்றப் பிள்ளைகளுக்கும் காரணத்தை விளக்கி, முறையாகப் பத்திரம் செய்துகொள்ளுங்கள்.

பலர் அறியாத சங்கதி ஒன்று உண்டு. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், அறிவு வளர்ச்சி குன்றியவனாக இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அவன் மேஜர். அதன்பின் பெற்றோர் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பல்வகைக் குறை ஆகியவை உள்ளவர்களுக்காக 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. மாவட்டக் கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்தால் பாதுகாவலரை நியமிப்பார்கள். பெற்றோரும் மனுச் செய்யலாம், உறவினரும் செய்யலாம். நம்பிக்கையான ஒருவரை இப்போதே பிள்ளையோடு பழகவிட்டு, பிள்ளைக்குரிய மருந்து, உணவு, பழக்கங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அவரிடம் கொடுத்து வையுங்கள்.

அடையாள அட்டை இல்லாமல் எந்தச் சலுகையும் கிட்டாது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குச் சென்று, மருத்துவச் சான்று பெற்று, அட்டை வாங்குங்கள். பராமரிப்பு உதவித்தொகை, பஸ், ரயில் சலுகைகள், சக்கர நாற்காலி முதலியவற்றுக்கு அங்கேயே வழி சொல்வார்கள். 2016-இல் வந்த சட்டப்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறையுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமையுண்டு. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறையுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981-இல் தோன்றிய அமர் சேவா சங்கம் பயிற்சியும் சிகிச்சையும் தருகிறது. ‘வெட்கமாக இருக்கிறது’ என்று அட்டை வாங்காமல் இருப்பது, பிள்ளைக்குரிய ஹக்கை நாமே தடுப்பதாகும்.

ஜமாஅத்துக்கு ஒரு வார்த்தை

முதவல்லிமார்களே, இமாம்களே! உங்கள் மஹல்லாவில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெரியுமா? பள்ளிவாசல் வாயிலில் ஒரு சரிவுப்பாதை கட்ட எவ்வளவு செலவாகிவிடும்? பள்ளிக்குள் மட்டும் ஓட்ட ஒரு சக்கர நாற்காலியைச் சுத்தமாக வைத்திருந்தால், சக்கரத்து நஜீஸ் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. தொழுகையில் ஒரு பிள்ளை சத்தமிட்டால் முறைத்துப் பார்த்து விரட்டாதீர்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டால் தாயின் மனம் தவிக்குமே என்று நாயகம் அவர்கள் தொழுகையைச் சுருக்கினார்களேயன்றி, அந்தத் தாயை வரவேண்டாம் என்று தடுக்கவில்லை.

வர இயலாதவரிடம் நாம் போகலாம். பார்வை மங்கிய இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், மழை வெள்ளத்தால் பள்ளிக்கு வர முடியவில்லை என்று முறையிட்டபோது, நாயகம் அவர்களே அவர் வீட்டுக்குச் சென்று தொழுதார்கள். கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் (கி.பி. 705–715) தம் ஆட்சியில் நடக்க இயலாதவருக்குப் பணியாளும், பார்வையற்றவருக்கு வழிகாட்டியும் அமர்த்தியதாக வரலாறு கூறுகிறது. நம் ஜமாஅத்தில் பணியாள் அமர்த்த வசதியில்லாவிட்டாலும், வாரத்தில் ஒரு மாலை நேரம் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இரண்டு சகோதரிகள் முன்வந்தால், அந்தத் தாய் நிம்மதியாகக் குளித்து, தொழுது, சிறிது உறங்குவாள். குடும்பம் ஏழையானால் ஜகாத்திலிருந்தும் பைத்துல்மாலிலிருந்தும் சிகிச்சைக்கு உதவுங்கள். மக்தபில் அந்தப் பிள்ளைக்கும் ஓர் இடம் கொடுங்கள். ஒரு வருடத்தில் அலிஃப், பே மட்டும் கற்றாலும் கற்கட்டும்.

பெற்றோர்களே! வருகிற ஜும்ஆவுக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டு, அத்தர் பூசி, உங்களோடு அழைத்து வாருங்கள். ஊரார் அவனைப் பெயர் சொல்லி அழைக்கப் பழகட்டும். உங்களுக்குப் பின் யார் என்ற கேள்விக்கு, அல்லாஹ்வின் உதவியால், அந்த ஸஃப்பில் நிற்பவர்களிலிருந்து விடை கிடைக்கும்.

யா அல்லாஹ்! இந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு உடல் வலுவையும் மனத் தெம்பையும் தருவாயாக. இவர்களை அமானிதமாக எண்ணி அரவணைக்கும் நல்லுள்ளத்தை எங்கள் ஜமாஅத்துகளுக்குத் தருவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.