சோதனைக்கு எட்டாத எண்ணெய்

டேபிள் டென்னிஸில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் மட்டையை முழுதாக வாங்குவதில்லை. மரப் பிளேடு தனியாக, இரண்டு பக்கத்துக்குமான ரப்பர் தாள்கள் தனியாக, பசை தனியாக வாங்கி ஒட்டிக்கொள்கிறார்கள். இன்று புழக்கத்தில் உள்ள நீர்ப்பசை வெள்ளையாக இருக்கும். அதைச் சிறு ஸ்பாஞ்ச் துண்டால் மரத்திலும் ரப்பரின் அடிப்பக்கத்திலும் மெல்லத் தடவி, வெண்மை போய்த் தெளியும்வரை காயவிட வேண்டும். பிறகு கைப்பிடிப் பக்கம் தாளைப் பொருத்தி, காற்றுக் குமிழி தங்காமல் உருளையால் அழுத்தி, விளிம்பை மரத்தோடு ஒட்டக் கத்தரித்தால் மட்டை தயார். இதுவரை எல்லாம் விதிக்கு உட்பட்டது. ஆனால் ஒட்டுவதற்கு முன்பே இன்னொரு காரியம் செய்பவர்கள் உண்டு. 'பூஸ்டர்' எனப்படும் எண்ணெயை ஸ்பாஞ்சில் தடவி ஊறவிடுவார்கள். எண்ணெய் குடித்து ஸ்பாஞ்ச் உப்பும். மேலுள்ள ரப்பர் அந்த அளவுக்கு விரியாது. எனவே தாள் முழுவதும் படகாக வளைந்துகொள்ளும். அது அடங்கியபின் தட்டையாக ஒட்டினால், விறைப்பேறிய ரப்பர் பந்தைக் கூடுதல் வேகத்தோடும் சுழற்சியோடும் எறியும். சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தின் விதி இதைத் தடுக்கிறது: இயற்பியல் முறையிலோ வேதியியல் முறையிலோ வேறெந்த வகையிலோ பதப்படுத்தாத ரப்பரைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் ஊறி அடங்கிய எண்ணெய் நீண்ட காலமாகவே நடுவர்களின் கருவிகளுக்குப் போக்குக் காட்டி வந்திருக்கிறது. மீறினால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற நிலையில், ஒரு விதி யாரையாவது கட்டுப்படுத்துமா?

கேள்வி பழையது. பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் கிளாக்கன் இதைத்தான் எழுப்புகிறான். லிடியா நாட்டு மேய்ப்பன் ஒருவனுக்கு, அணிந்தவனை மறைத்துவிடும் மோதிரம் கிடைக்கிறது. அதை வைத்து அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, அரியணை ஏறுகிறான். அப்படி ஒரு மோதிரத்தை நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒவ்வொன்று கொடுத்துப் பாருங்கள், இருவரும் ஒரே வழியில்தான் போவார்கள் என்பது கிளாக்கனின் வாதம். வள்ளுவர் எதிர்முனையில் நிற்கிறார்: கள்ளாமை அதிகாரத்தில், பிறர் பொருளை மறைவாகக் கவரலாம் என்று மனத்தால் எண்ணுவதையே அவர் தீதாக வைக்கிறார். அகப்படுவதும் அகப்படாததும் அவருக்குப் பொருட்டில்லை. இருந்தாலும் பூஸ்டர் தடவுகிறவர் இந்த இருவரையும் எளிதாகக் கடந்துபோய்விடலாம். "நான் யார் பொருளையும் கவரவில்லையே, என் காசில் வாங்கிய ரப்பரில் என் காசில் வாங்கிய எண்ணெயைத் தடவினேன்" என்பார். ஆகவே மனத்தூய்மையைப் பேசுவது மட்டும் இங்கே போதாது. இந்த ஆட்டத்துக்குள் அவர் கவர்ந்துகொண்ட பொருள் எது என்று காட்டியாக வேண்டும்.

கூடுதல் வேகத்தைத்தான் கவர்ந்தார் என்று சொல்ல முடியாது; வேகம் தேடுவது குற்றமென்றால் இந்த ஆட்டத்தின் வரலாறே குற்றப் பட்டியலாகிவிடும். 1952இல் பம்பாயில் நடந்த உலகச் சாம்பியன் போட்டிக்கு ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு வந்தார். புள்ளி ரப்பர் எழுப்பும் 'டொக்' சத்தத்தை வைத்துப் பந்தின் போக்கைக் கணித்துப் பழகியிருந்த எதிராளிகள், ஓசையில்லாத அந்த மட்டை முன் தடுமாறினார்கள். ஆண்கள் ஒற்றையர் பட்டம் சாத்தோவுக்குப் போனது. ஆட்டத்தையே கெடுக்கிறது என்று எதிர்ப்பு எழுந்தது. பல ஆண்டு விவாதத்துக்குப் பின் 1959இல் சம்மேளனம் வெறும் ஸ்பாஞ்சை விலக்கி, ரப்பரும் ஸ்பாஞ்சும் சேர்ந்த தாளைப் பசையோடு சேர்த்து 4 மி.மீ. தடிமனுக்குள் அனுமதித்தது. 1970களில் ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் சைக்கிள் டியூப் ஒட்டும் பசையில் அதே மாயத்தைக் கண்டார்கள். டொலுயீன் போன்ற கரைப்பான்கள் ஸ்பாஞ்சை உப்பச் செய்தன; சில மணி நேரத்தில் வீரியம் போய்விடுமென்பதால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் உரித்து மறுபடி ஒட்டினார்கள். அந்த ஆவி உடம்புக்குக் கேடு என்பதால், பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்த கையோடு 2008 செப்டம்பர் 1 முதல் அது தடை செய்யப்பட்டது. ஆவியாகாத எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்தது. ஸ்பாஞ்சுக்குள் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சாத்தோவின் மட்டையை அரங்கமே பார்த்தது. கரைப்பான் பசையின் நெடி ஓய்வறையெங்கும் வீசியது. எதிராளிக்குத் தெரிந்தே, அன்றைய விதி இடம்கொடுத்தே அவை நடந்தன. எண்ணெய்க்கு இந்த இரண்டுமே இல்லை.

'வெட்டுக்கிளி' என்ற 1978ஆம் ஆண்டு நூலில் பெர்னார்ட் சூட்ஸ் சொன்ன விளக்கம் இங்கே உதவும். தேவையில்லாத தடைகளைத் தாமாக ஏற்று, அவற்றைக் கடக்க முயல்வதே ஆட்டம் என்றார் அவர். பந்தை வலைக்கு அப்பால் சேர்ப்பது மட்டும் நோக்கமென்றால் கையால் எறிந்துவிடலாம். இவ்வளவு உயர வலை, இந்த அளவு மேசை, இன்ன மட்டை என்ற கட்டுகளுக்குள் நின்று சேர்ப்பதில்தான் சாதனை இருக்கிறது. அந்தக் கட்டுகளை ஒரு ஆள் மட்டும் ஏற்றால் பயிற்சி, இருவர் ஏற்றால் போட்டி. மேசையின் இரு பக்கமும் நிற்பவர்கள் பேசாமலே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள்: நீ எதற்குக் கட்டுப்படுகிறாயோ அதற்கு நானும் கட்டுப்படுகிறேன். எதிராளி தன் உழைப்பையும் நேரத்தையும் தோல்வியடையும் சாத்தியத்தையும் மேசையில் வைப்பது அந்த உறுதியை நம்பித்தான். எண்ணெய் தடவியவர் அந்தச் சம்மதத்தைத்தான் கவர்கிறார்; எதிராளி ஒப்புக்கொள்ளாத போட்டி ஒன்றில் அவரை அவருக்குத் தெரியாமலே ஆடவைக்கிறார். இந்த இழப்புக்கும் சோதனைக் கருவிக்கும் சம்பந்தமில்லை. கருவி கண்டுபிடித்தாலும் விட்டாலும் சம்மதம் மீறப்பட்டது மீறப்பட்டதுதான்.

"எல்லோரும்தானே தடவுகிறார்கள், அப்படியானால் சமம்தானே" என்பது முதல் மறுப்பு. எல்லோரும் என்பது எப்போதும் மிகைதான். 2012இன் பிற்பகுதியில் ஜப்பானின் ஜுன் மிசுதானி, பூஸ்டர் பயன்பாட்டைத் தடுக்காத சம்மேளனத்தைக் கண்டித்துச் சில மாதங்கள் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலகியே நின்றார். அப்போது உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர். தடவாதவர் ஒருவர் இருந்தாலே சமம் என்ற வாதம் உடைகிறது. ஒரு பேச்சுக்கு, உண்மையிலேயே எல்லோரும் தடவுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது நேர்மையான வழி எளிதாகிவிடுகிறது: விதியை நீக்கும்படி எல்லோரும் சேர்ந்து வெளிப்படையாகக் கேட்கலாம். கேட்காமல் மறைவாகச் செய்துகொண்டே போவதில், தடவாதவர் சிலராவது இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது. எல்லோரிடமும் இருக்கும் எண்ணெயால் யாருக்கும் லாபமில்லை.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. இன்று விற்கும் பல ரப்பர்கள் ஆலையிலேயே விறைப்பேற்றப்பட்டு வருகின்றன. கரைப்பான் பசை தந்த துள்ளலை ஸ்பாஞ்சுக்குள்ளேயே தருவதாகச் சொல்லித்தான் 2008க்குப் பிந்தைய தாள்களை நிறுவனங்கள் விற்றன. ஆலை செய்தால் தொழில்நுட்பம், ஆட்டக்காரர் செய்தால் குற்றமா? வேதியியலின் கண்ணில் இந்தக் கோடு தற்செயலானதுதான். ஆனால் ஆட்டத்தின் கோடுகள் எல்லாமே அப்படித்தான். பந்து 40 மி.மீ. என்பதற்கும் ஆட்டம் 11 புள்ளி என்பதற்கும் இயற்கையில் ஆதாரம் ஏதுமில்லை. 2000க்கு முன் பந்து 38 மி.மீ. ஆக இருந்தது. கோடு எங்கே விழுகிறது என்பதை விட, அது இருவருக்கும் தெரிந்த ஒரே கோடா என்பதே முக்கியம். ஆலையிலிருந்து வரும் தாள் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் பெயரோடு இருக்கிறது; எதிராளி ஆட்டத்துக்கு முன் மட்டையை வாங்கிப் பார்த்து அது இன்ன ரப்பர் என்று தெரிந்துகொள்ளலாம். அதே பெயர் பொறித்த தாளில் எண்ணெயை ஊற்றினால், மட்டையில் தெரியும் அந்தப் பெயரே பொய்யாகிவிடுகிறது.

மூன்றாவது மறுப்பை அவ்வளவு லேசில் ஒதுக்க முடியாது. செயல்படுத்த முடியாத விதி நேர்மையானவனை மட்டும் தண்டிக்கிறது. மீறுபவன் பதக்கத்தோடு போகிறான், மதித்தவன் வெறுங்கையோடு நிற்கிறான். அப்படியொரு விதிக்குப் பணியச் சொல்வது அறமா, ஏமாளித்தனமா? இதில் பாதி உண்மை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கண்காணிக்க வழியில்லாமல் தடையை மட்டும் எழுதிவைக்கும் அமைப்பு, தன் பொறுப்பை ஆட்டக்காரர்களின் மனசாட்சி மேல் ஏற்றிவிட்டு விலகிக்கொள்கிறது. ஒன்று, சோதனையை வலுப்படுத்த வேண்டும். இல்லையேல், உடம்புக்குக் கேடில்லை என்றால் எண்ணெயை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். இரண்டையும் செய்யாத சம்மேளனம் தன் கடமையில் தவறுகிறது. ஆனால் இதிலிருந்து "ஆகவே நானும் தடவலாம்" என்ற முடிவு கிடைக்காது. ஒப்பந்தம் எதிராளியோடு போட்டது. சம்மேளனம் தன் கடனைத் தீர்க்காததால் எதிராளிக்கு நான் பட்ட கடன் தள்ளுபடியாகாது. ரேஷன் கடையில் எடை குறைகிறது என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் பையிலிருந்து ஒரு கை அரிசியை எடுத்துக்கொள்ள முடியுமா? மிசுதானி எடுத்த வழியின் பலம் இங்கேதான் தெரிகிறது. அவர் மீறவுமில்லை, வாய்மூடிச் சகிக்கவுமில்லை; தவறியவர்கள் யாரோ அவர்களை நோக்கியே குறையைத் திருப்பினார். தடையை மதிப்பவர் ஏமாளியாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அது போதும்.

தனி ஆளுக்கு மிஞ்சுவது ஒரு எளிய சோதனை. மட்டையைப் பார்க்க எதிராளி கை நீட்டும்போது, ஸ்பாஞ்சுக்கு என்னென்ன செய்தோம் என்று அவரிடம் முழுதாகச் சொல்ல முடியுமா? சொல்லிவிட்டும் அவர் ஆடச் சம்மதித்தால், அந்த இருவருக்கிடையிலாவது மோசடி என்ற குற்றச்சாட்டு விழுந்துவிடும். பிறகு விதியை மாற்றுவது பற்றி நேராகப் பேசலாம். சொல்ல முடியவில்லை என்றால், தீர்ப்புக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கிளாக்கனின் மோதிரக்காரன் அரியணையையாவது உண்மையில் பெற்றான்; மறைந்து நின்று கைப்பற்றினாலும் அரியணை அரியணைதான். ஆட்டத்தில் அதுகூடக் கிடையாது. வெற்றி என்ற பொருளே விதிகளால்தான் உருவாகிறது. விதியை விட்டு வெளியேறியவர் கைக்கு வருவது பதக்கமும் பரிசுத்தொகையும்தான். எதிராளியை வென்றோமா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது, ஏனென்றால் அவர்கள் இருவரும் ஒரே ஆட்டத்தை ஆடவே இல்லை.