ஒரே கம்பியில் இரண்டு

சிவகாசியில், வைஃபை எட்டாத தடித்த சுவர்களுக்கு அப்பாலுள்ள பின்கட்டுக்கு இணையத்தைக் கொண்டுசெல்ல, 230 வோல்ட் மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலையும் அதே கம்பியில், 20 லட்சம் முறைக்கும் மேலாக அதிரும் அலையாகச் செய்தியை ஏற்றியனுப்பும் பவர்லைன் அடாப்டரைப் பொருத்தியபோது, சைவ சித்தாந்தத்தின் அத்துவிதம் என் சிந்தையில் புதிய தெளிவுடன் எழுந்தது. ஆன்மாவும் இறைவனும் போல, மின்சாரமும் செய்தியும் பிரிவற நிற்கின்றன. ஆயினும் ஒன்று மற்றொன்றாவதில்லை. இரைச்சல் வடிகட்டியுள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால், வடிகட்டி செய்தியையே இரைச்சலென்று தடுத்துவிடும். சுவர் பிளக்கில் நேரே செருகி, அருகிலிருந்த சார்ஜரையும் அகற்றியதும் வேகம் கூடியது. ஆன்மாவை மறைக்கும் அழுக்கு அகலும் மலநீக்கம் என்பதும் இதுதானோ! ஆனால், 1879இல் இம்மாவட்டத்துத் திருச்சுழியில் அவதரித்த ரமண மகரிஷியின் அத்வைதம் இரண்டென்ற பேதத்தையே ஏற்காது. அவரிடம் எனக்குப் பரம பக்தி உண்டெனினும், ஆன்மா இறைவனோடு கலந்தும் அழியாது நின்று ஆனந்தம் நுகர்கிறது என்னும் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் நெறியே என் அறிவுக்கு இசைகிறது.