பச்சைப் பகுதி

1999 பிப்ரவரியில் ஆல்ப்ஸ் மலைகளில் வாரக்கணக்கில் பனிப்புயல். 23ஆம் தேதி ஆஸ்திரியாவின் கால்ட்யூர் கிராமத்தின்மீது பனிச்சரிவு இறங்கி 31 பேரைக் கொன்றது. அபாய வரைபடத்தில் கிராமம் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கப்பட்டிருந்தது. சிவப்பில் வீடு கட்டக்கூடாது, பச்சை பத்திரம். பனி பச்சைக்குள்ளும் வந்தது.

இரண்டு நாள் முன்பு ஸ்விட்சர்லாந்தின் எவோலெனில் 12 பேர் இறந்திருந்தார்கள். அங்கே பொறுப்பிலிருந்த இருவரைக் கவனக்குறைவுக்காக நீதிமன்றம் தண்டித்தது.

இயற்கை என்கிறோம், அல்லது குற்றவாளி என்கிறோம். இரண்டும் சௌகரியமான சொற்கள். இயற்கையைக் கேள்வி கேட்க முடியாது. குற்றவாளி கிடைத்துவிட்டால் மற்றவர்களைக் கேட்கவேண்டியதில்லை.

கோடு போட்டவனுக்குத் தெரிந்தது பழைய சரிவுகள்தாம். பச்சை என்பதற்கு, இதுவரை இங்கே வந்ததாக ஞாபகமில்லை என்று மட்டுமே அர்த்தம். இனியும் வராது என்று அதைப் படித்தார்கள். ஞாபகம் வாக்குறுதியாகிவிட்டது.

கோடில்லாமல் மலையில் குடியிருக்க முடியாது. ஆகவே கோடு போடுவது குற்றமல்ல. ஆனால் அதை நம்பி ஒருவன் குடும்பத்தோடு தங்குவான் என்பது போட்டவனுக்குத் தெரியும். தெரிந்தபின், ஒவ்வொரு குளிர்காலத்திலும் தன் கோட்டைத் தானே சந்தேகிப்பது அவன் தர்மம். கால்ட்யூரில் இறந்தவர்களில் பெரும்பாலோர் விடுமுறைக்கு வந்தவர்கள். வேறு யாரோ தீட்டிய நிறத்தில் அவர்கள் தங்கியிருந்தார்கள்.

பிறகு ஆஸ்திரியாவில் சிவப்பின் வரையறையைக் கடுமையாக்கினார்கள். கால்ட்யூரில் தடுப்புச் சுவர் எழுந்தது. கோடு நகர்ந்திருக்கிறது. அதற்கப்பாலும் பச்சை இருக்கிறது. அங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள்.