ஸஹீஃபா பானுவின் ஏடு

தாம் செய்த பணியின் கீழே தம் பெயரைப் பொறித்துக்கொள்வது தகுமா என்பது நம் மரபில் எளிதில் முடிவு கூறத்தக்க வினா அன்று. முகஸ்துதியை மறைவான இணைவைப்பென்று அஞ்சிய பெரியோர் பலர் தம் நற்செயல்களைப் பிறர் கண்ணுக்குப் புலப்படாமலே செய்து மறைந்தனர். அவர்களுடைய அச்சத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும், செய்தவர் தம் பெயரை மறைத்தால் அது பணிவு. பயன் பெற்றவர்கள் அப்பெயரை மறந்தால் அதற்கு என்ன பெயரிடுவது?

இலண்டனிலுள்ள விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மொகலாய ஓவியங்களைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அக்பர்நாமாவைத் தேடியே செல்வர். 1896-இல் விலைக்கு வாங்கப்பட்ட 116 படங்கள் அங்குண்டு. நாமும் அவற்றை நாடியே சென்றோம். ஆனால் நம்மை நிறுத்திவைத்தது வேறொரு சிறு படம். ஈரானை 1524 முதல் 1576 வரை ஆண்ட ஷா தஹ்மாஸ்பின் உருவம் அது. 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. தீட்டியவர் ஸஹீஃபா பானு என்னும் பெண்மணி. அதுவரை அப்பெயரை நாம் கேட்டதில்லை.

(உருவம் வரைதல் ஆகுமா, ஆகாதா என்ற மார்க்க விசாரணை தனியே நிகழ்த்தற்குரியது, அதை இங்கு எழுப்ப நாம் விரும்பவில்லை.)

தஹ்மாஸ்ப் இளமையில் தாமே தூரிகை பிடித்தவர். பின்னாளில் மார்க்கப் பற்று மிகுந்து ஓவியத்தைப் புறக்கணித்தார். அடைக்கலம் நாடி ஈரான் சென்றிருந்த ஹுமாயூன், அந்நாட்டு ஓவியர்களான மீர் ஸைய்யித் அலீ, அப்துஸ் ஸமது ஆகிய இருவரையும் தம்மிடம் வரவழைத்துக்கொண்டார். மொகலாய ஓவியக்கூடம் அவர்கள் கையால் வளர்ந்தது. அம்மன்னர் கைவிட்ட கலை அயல்நாட்டில் வேர்பிடித்து, அவர் மறைந்து ஒரு தலைமுறை சென்றபின், அவரை நேரில் கண்டிராத ஒரு பெண்ணின் விரல்களினூடே அவருடைய முகத்தையே வரைந்து தந்திருக்கிறது!

அக்பரின் கூடத்தில் ஒருவர் கோடிழுப்பார், மற்றொருவர் வண்ணம் தீட்டுவார். யார் எதைச் செய்தார் என்பதை எழுத்தர்கள் படத்தின் அடியில் குறித்துவைத்தனர். பல்லக்குச் சுமப்பவரின் மகனாகிய தஸ்வந்தின் பெயர் இன்றும் வாழ்வது அத்தகைய குறிப்புகளாலும், அபுல் ஃபஸ்ல் ஆயினே அக்பரியில் வரைந்துவைத்த 17 ஓவியர் பட்டியலாலுமேயாகும். குலம் பாராத அப்பட்டியலில் பெண் ஒருவரும் இல்லை. ஒரே முகத்தில் கண்ணை ஒருவரும் புருவத்தை வேறொருவரும் தீட்டியிருந்தாலும் தாம் பிரித்தறிவதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் பெருமை பேசுகிறார் ஜஹாங்கீர். அத்துணைக் கூரிய பார்வையுடையவரின் காலத்து ஓவியரென்றே ஸஹீஃபா பானுவைக் கூறுவர். அவருடைய வாழ்க்கையை எழுதிவைக்கத்தான் எவரும் இல்லை.

பெயர் பொறித்தவரெல்லாம் செருக்குற்றவர் என்று கொள்ளுதலும் பிழை. ஓவியர் பிசித்திர், ஜஹாங்கீரின் புகழ்பெற்ற படமொன்றில் தம் பெயரை அரசரின் பாதபீடத்தில் எழுதிவைத்தார். பணிவும் பெயரும் அங்கே ஓரிடத்தில் அமர்ந்திருக்கின்றன.

“அல்லாஹ் அறிவான், அது போதாதா?” என்று கேட்பாருண்டு. செய்தவருக்கு அது போதும். போதுமென்று அவர் சொல்வதே அழகு. நாம் சொல்லலாமா? உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கலாகாது என்று போதிக்கப்பட்டவர்கள் நாம். பிறர் பெயர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஒரு நபிமொழியை ஏற்குமுன் அதை அறிவித்தோர் ஒவ்வொருவரின் பெயரையும் வரலாற்றையும் ஆராய்வதற்கென்றே தனிக்கலை கண்டவர்கள் அவர்கள். 11-ஆம் நூற்றாண்டில் மக்காவில் ஸஹீஹுல் புகாரியைக் கற்பித்த கரீமா அல்மர்வஸிய்யா அம்மையாரின் பெயர், ஆண்களாகிய அறிஞர்களின் பெயர்களோடு சரிநிகராக இன்றளவும் நிற்கிறது. தாம் கற்றது ஒரு பெண்ணிடம் என்று எழுதுவதை அம்மாணவர்கள் இழிவாகக் கருதவில்லை. சொல்லுக்குக் காட்டிய அந்த நேர்மையைக் கைத்தொழிலுக்கும் கலைக்கும் காட்டாது விட்டோமே என்பதுதான் நம் மனக்குறை.

ஸஹீஃபா என்னும் சொல்லுக்கு ஏடு என்பது பொருள். காகிதத்தில் தீட்டிய ஓவியங்கள் ஒளி பட்டால் வெளிறுமாதலால், அருங்காட்சியகத்தார் அவற்றை நெடுநாள் வெளியில் வைப்பதில்லை. முறைவைத்து இருளறைக்கு அனுப்பிவிடுவர். அங்கே செல்லும் நம்மவர்கள் அவ்வேட்டைச் சுவரில் காணாவிடின், அதிகாரிகளிடம் அப்பெண்மணியின் பெயரைச் சொல்லியே கேட்பார்களாக.