சான்றுக்குச் சான்று

உண்மையை அறியமுடியுமா என்னும் ஐயத்தைக் கிரேக்கரோடு மட்டும் இணைத்துப் பேசும் வழக்கம், இந்திய மெய்யியலின் மிகக் கடுமையான ஐயவாதியை மறைத்துவிடுகிறது. கி.பி. 800ஐ ஒட்டி வாழ்ந்தவராகக் கருதப்படும் ஜயராசி பட்டர் இயற்றிய ‘தத்துவோபப்லவசிம்ஹம்’, குஜராத்தின் பாட்டன் நகரில் 1926இல் சுவடியாகக் கிடைத்து, 1940இல் பரோடாவில் அச்சேறியது. புலன்களால் அறியும் காண்டல் ஒன்றையே அறிவின் வழியாக ஏற்ற சார்வாகரோடு அவரைச் சேர்ப்பதில் ஆய்வாளர்கள் தயங்குவது நியாயமே. காண்டலையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அளவை எனப்படுவது அறிவைப் பெறும் வழி. காண்டல் அளவை பிழைபடாததாக இருக்கவேண்டும் என்பது நியாயம் என்னும் தருக்க மரபின் நூலார் வகுத்த இலக்கணம். பிழையின்மையை எவ்வாறு அறிவது என்பதே ஜயராசியின் வினா. கண் பழுதற்றது என்பதால் என்றால், அப்பழுதின்மையைக் கண் காண்பதில்லை. அறிவு சரியாக இருப்பதிலிருந்து அதை ஊகித்தால், இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் குற்றம் நேரும். பின்வரும் அறிவு எதுவும் மறுக்காததால் என்றால், கானல்நீரைத் தொலைவிலிருந்து கண்டு, அருகே செல்லாமலே வேறு வழி சென்றவனுக்கோ இறந்துபோனவனுக்கோ அக்காட்சி மறுக்கப்படவே இல்லை. அதனால் அது உண்மையாகிவிடுமா? அவருடைய வாதங்களில் இதுவே மிகக் கூர்மையானது. மனிதர் நம்பிச் சுமப்பவற்றில் பெரும்பகுதி, சோதிக்கப்படாததாலேயே மறுக்கப்படாமல் நிற்பது. நீரைப் பருகித் தாகம் தணிந்ததைச் சான்றாகக் காட்டினாலும், தணிந்தது என்ற அறிவுக்கு மற்றொரு சான்று தேவைப்படும்.

எதையும் அறியமுடியாது எனில் அவர் கூற்று மட்டும் எப்படி அறியப்பட்டது என்று மடக்குவது எளிது. ஆனால் அவர் மேற்கொண்டது விதண்டை, அதாவது தன் கொள்கையொன்றை நிறுவாமல் எதிராளியின் கொள்கையை அவனுடைய அளவுகோலாலேயே தகர்க்கும் முறை. 14ஆம் நூற்றாண்டின் நியாய நூலாரான கங்கேசர், புகை வேண்டி நெருப்பை நாடுபவன் அவற்றின் தொடர்பை மெய்யாக ஐயுறவில்லை என்று ஐயவாதத்துக்கு விடையிறுத்தார். அவ்விடை ஜயராசியைத் தொடுவதில்லை. தத்துவங்கள் யாவும் சரிந்தபின் உலக நடைமுறைகள், ஆராயாதவரை, இனிமையாகவே தொடரும் என்பது அவர் முடிவு; நெருப்பை அவரும் மூட்டுவார், மூட்டுவதை நிரூபணமாக மட்டும் ஏற்கமாட்டார்.

இம்முடிவுக்கு ஒரு விலை உண்டு. உலக வழக்கு ஒன்றாக இருக்கும்வரை அதைப் பின்பற்றலாம். வழக்கே இரண்டாகப் பிளந்து, ஒரு தரப்பு தனக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சுட்டி மறுதரப்பை மறுக்கும் இடத்தில், ஆராயாத இனிமை எந்தத் தரப்பில் இருக்கிறது என்று கேட்டால், அந்த இனிமையை அனுபவித்துவருபவர்களே முதலில் விடை சொல்ல முன்வருவார்கள்.