தோற்ற பிள்ளையும் தோற்ற மன்னனும்



சென்ற பௌர்ணமியன்று, புனே நகரை அடுத்த வாகட்டில் நம் அன்பர் ஒருவரின் இல்லத்தில் கூடியிருந்தோம். பஞ்சசீலம் ஓதத் தொடங்குமுன், அவ்வில்லத்துச் சிறுவன், ஆறு வயதினன், தந்தையாருடன் பரமபதம் ஆடிக்கொண்டிருந்தான். இன்னும் சில கட்டங்கள் ஏறினால் வெற்றி. பகடை புரண்டது; காய் நெடும்பாம்பின் வாயில் விழுந்து அடிவரிசைக்கு இறங்கிற்று. பிள்ளை வாய்விட்டு அழுதான், அட்டையை உதறினான், காய்கள் கட்டிலின் அடியில் உருண்டோடின.

அப்பொழுது பெரியவர்கள் செய்தது யாது? தந்தையார், "அழாதே கண்ணா, இது கணக்கில்லை, மறுபடி உருட்டு" என்றார். பாட்டியார், "குழந்தையிடமா ஜெயிப்பது?" என்று மகனைக் கடிந்தார். வந்திருந்தவர் ஒருவர், "ஆண்பிள்ளை அழலாமா?" என்று நகைத்தார். மற்றொருவர் மிட்டாயை நீட்டினார். நான்கும் அன்பினால் தந்த மருந்துகளே. ஆயினும் முதலாவது பொய், இரண்டாவது பிறர்மேற் பழி, மூன்றாவது இகழ்ச்சி, நான்காவது மறதி. நோயைத் தொட்டது ஒன்றேனும் இல்லை.

பிள்ளையை நகைக்குமுன் ஒரு மன்னனைக் காண்போம். கோசல வேந்தன் பசேனதி, தன் உடன்பிறந்தாள் மகனாகிய அஜாதசத்துருவோடு காசி நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பொருட்டுப் போர் புரிந்து, மும்முறை தோற்றான் என்று தம்மபத உரை கூறுகிறது. தோற்ற நாணத்தால் உணவை ஒழித்துப் படுக்கையில் கிடந்தான். பிக்குகள் இச்செய்தியைச் சொன்னபோது, வென்றவன் பகையைச் சேர்க்கிறான், தோற்றவன் துயரிற் கிடக்கிறான், இரண்டையும் விட்டவனே அமைதியடைகிறான் என்னும் கருத்தைப் பகவன் உரைத்தார். முடிசூடிய மன்னனே படுக்கையிற் கிடந்தான் என்றால், ஆறு வயதுப் பிள்ளை அட்டையை உதறியது வியப்பாகுமோ?

அழுகையின் வேர் எங்கே உள்ளது? இராதர் என்னும் பிக்குவுக்குப் பகவன் ஓர் உவமை சொன்னார். சிறுவர் சிறுமியர் மண்வீடு கட்டி விளையாடுகின்றனர். ஆசை இருக்குமளவும் "என் வீடு" என்று காக்கின்றனர். ஆசை நீங்கியதும் தம் கையாலும் காலாலுமே அதைக் கலைத்து விடுகின்றனர். கட்டும்போதும் அது மண். கலைக்கும்போதும் அது மண். மாறியது பற்று ஒன்றே. நம் பிள்ளையும் "காய் இறங்கிற்று" என்று அழவில்லை. "நான் இறங்கினேன்" என்றே அழுதான். காயையும் தன்னையும் ஒன்றாக்கிக் கொண்டதே அவன் துன்பம்.

அவன் அழுகை தணியுமட்டும் அருகில் அமர்ந்திருந்தேன். பின்னர், "தம்பி, பாம்பு விழுங்கியது யாரை?" என்றேன். சற்று எண்ணி, "சிவப்புக் காயை" என்றான். "நீ எங்கே இருக்கிறாய்?" என்றேன். "பாட்டி மடியில்" என்று சொல்லித் தானே சிரித்தான். அனாத்ம தத்துவத்தை அவ்வயதில் அதற்குமேல் கற்பிக்க வேண்டுவதில்லை.

அன்பர்களே, இதைச் சொல்லும் யான் என் குற்றத்தையும் சொல்லக் கடமைப்பட்டவன். நூல் ஆலையில் புதிதாகச் சேர்ந்த நாளில், இழை அறுந்தபோதெல்லாம் சினந்து இழுப்பேன், இன்னும் அறும். பக்கத்தில் நின்ற முதியவர் ஒன்றும் சொல்லாமல் அறுந்த இழையை ஒட்டிவிட்டு நகர்வார். அவர் கையைப் பார்த்தே கற்றேன். ஆலையில் கற்றதை வீட்டில் மறந்தேன். கேரம் ஆட்டத்தில் என் மகன் தோற்றால், "இதற்கா அழுகிறாய்?" என்று அதட்டுவேன், யான் தோற்றாலோ பலகையை மூடி வைத்துவிடுவேன். அவன் வளர்ந்து ஒரு தேர்வில் தவறியபோது, ஐந்து மாதம் அதை என்னிடம் மறைத்தான். தோற்ற முகத்தோடு தந்தைமுன் நிற்க அஞ்சினான். அவ்வச்சத்தை விதைத்தவன் யானே.

ஆதலின் பெற்றோர்க்குச் சில சொல்வேன். பிள்ளை வெல்ல வேண்டும் என்று பகடையைத் திருப்பி வைக்காதீர்கள். விளையாட்டுக்காகவும் பொய் கூறலாகாது என்றன்றோ பகவன் தம் மகன் இராகுலனுக்குக் கற்பித்தார்! அழுதால் அழவிடுங்கள், "தோற்றது வருத்தமாக இருக்கிறது அல்லவா?" என்று அவன் துயருக்கு ஒரு பெயர் கொடுங்கள். அட்டையை எறிவதை மட்டும் அன்போடு தடுத்து, சிதறிய காய்களை அவனோடு சேர்ந்து பொறுக்குங்கள். நீங்கள் தோற்கும்போது, "நான் தோற்றேன், நீ வென்றாய்" என்று அவன் கேட்க மலர்ந்த முகத்தோடு சொல்லுங்கள். வென்றபோது தோற்றவனை எள்ளாதிருக்கவும் பழக்குங்கள். விளையாடி வரும் பிள்ளையை, "வென்றாயா?" என்று வாயிலிலேயே கேளாதீர்கள். வாகட்டை அடுத்த பாலேவாடி அரங்கில் 2008-இல் காமன்வெல்த் இளையோர் போட்டிகள் நடந்தன. அத்தகைய களத்தில் எண்மர் ஓடினால் எழுவர் தோற்றே தீர்வர். அவ்வெழுவரும் வீடு திரும்ப வேண்டும் அன்றோ?

தோல்வியை ஏற்பது சோம்பிக் கிடப்பதாகுமோ என்று சிலர் ஐயுறலாம். டாக்டர் அம்பேத்கர் 1952-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பம்பாயில் தோற்றார். 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அதே 1954 டிசம்பர் 25-ஆம் நாள், வாகட்டுக்குத் தொலைவில்லாத தேகு ரோட்டில் புத்தர் திருவுருவை நிறுவினார். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு தன்மத்தை ஏற்றார். தோல்வி அவர் கையைக் கட்டவில்லை. இழையை ஒட்டிவிட்டு நடந்தார்.

பேறும் இழப்பும், புகழும் இகழும், பாராட்டும் பழியும், இன்பமும் துன்பமும் உலகினர் எல்லோரையும் சூழ்வன. அவை நம் பிள்ளையை அணுகாதபடி வேலி கட்ட நம்மால் இயலாது. வருமுன்னே, நம் மடியருகில், ஓர் அட்டையின்மேல், சிறு அளவில் பழக்கலாம்.

அன்று பஞ்சசீலம் ஓதி முடிந்தபின் சிறுவன் மீண்டும் ஆடினான். மீண்டும் பாம்பில் இறங்கினான். உதடு துடித்தது. தந்தையாரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான். அவர் இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. தம் முறைக்கு உருட்டி, பகடையை அவன் கையில் வைத்தார். அவனும் உருட்டினான்.

எல்லா உயிர்களும் நலம் பெறுக!

சாது! சாது! சாது!